கடல் தாண்டாத சாப்பாடு

ஆம்பூருக்குக் கடல் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். பூகோளப் படத்தில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பாலாற்றிலேயே வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கிறது, இதில் கடலுக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் தெருவில் நின்று, மூக்கைப் பொத்தாமல் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊறப்போட்ட தோலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த அந்த வாடை முழுக்க முழுக்கக் கப்பலுக்காகவே கிளம்பிய வாடை. லண்டனில் தோல் ஏலம் படுத்துவிட்டால் எங்கள் தெருவில் அடுப்பு புகையாது. சீமையில் சண்டை வந்தபோது சிப்பாய்களின் பூட்சுக்கென்று தோலையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள், ஊரில் கூரை வீடெல்லாம் ஓட்டு வீடாயிற்று. சண்டை நின்றது, தோல் கிடங்கிலேயே தேங்கியது, ஓடு மாற்றியவர்கள் மறுபடி கூரைக்கு ஓலை தேடினார்கள். கடலைக் கண்ணால் பார்க்காத ஊரைக் கடல் இப்படி ஆட்டி வைத்தது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள் நான். இந்தியாவுக்குக் கடல் வழியைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பாடம் வந்தது. "கண்டுபிடிக்கிறதுக்கு அது இன்னா தொலைஞ்சா போயிருந்தது?" என்று கேட்டேன். டீச்சரம்மா என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். எங்கள் ஊர் சாயபுமார்கள் தங்கள் முன்னோர் கடல் வழியாக வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அரபு தேசத்துக் குதிரைகள் கரையில் இறங்கி நடந்தே உள்நாட்டு ராஜாக்களின் லாயத்துக்கு வந்ததாகவும் கதை உண்டு. அவர்களுக்கெல்லாம் வழி தெரிந்துதானே இருந்தது? பெஞ்சு மேல் நின்றாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

ஆனாலும் அதே டீச்சரம்மாவிடம் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். மிளகாய், மணிலாக்கொட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, புகையிலை, கொய்யா, முந்திரி இவையெல்லாம் நம் மண்ணில் முளைத்தவை அல்ல, மேற்கே எங்கேயோ இருக்கிற கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை என்று அவர் ஒருநாள் சொன்னார். வகுப்பே சிரித்தது. மிளகாய் இல்லாமல் நம் பாட்டன் பூட்டனெல்லாம் எதைத் தின்றார்கள் என்று ஒருத்தி கேட்டாள். "மிளகு" என்றார் டீச்சரம்மா. எனக்கு அந்தப் பதில் மனசில் ஒட்டிக்கொண்டது. அது ஒருநாள் என் வீட்டுக்காரரின் நாக்கைக் காப்பாற்றும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை பார்த்தார். பதனிட்ட தோலை அடுக்கி, சாக்கு சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, கப்பலுக்குப் பேல் கட்டுகிற பகுதி அவருடைய பொறுப்பில் இருந்தது. எங்கள் சாதிசனத்துக்கு அவர் தோல் கிடங்கில் நிற்பதே பிடிக்காது. ஆனால் அந்தச் சம்பளத்தில் நடந்த காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து சாயபுவுக்குத் தந்தி மேல் தந்தி வந்தது. பேலைப் பிரித்தால் உள்ளே பூஞ்சை. "கட்டினவன் கண்ணால பாத்தாத்தான் புரியும். நீ என் புள்ளையோட போய்ட்டு வா" என்று சாயபு சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, யாரோ செத்த செய்தியைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். கடல் தாண்டினவனைச் சாதியில் சேர்க்க மாட்டார்களே என்று என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் காலமாகி, கல்யாண வயதில் ஒரு நாத்தனாரும் வீட்டில் இருந்த சமயம் அது.

"போய்ட்டு வாங்க" என்று நான் சொன்னேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கண்ணில் இருந்த ஆசையையும் பார்த்தேன். அவர் கட்டி அனுப்பிய மூட்டையெல்லாம் பார்த்த கடலை அவர் ஒருதரம் பார்க்கக் கூடாதா?

போனார், பார்த்தார், திரும்பி வந்தார். தேம்ஸ் நதியோரக் கிடங்கில் எங்கள் ஷாப்பின் குறி போட்ட பேல்கள் மலைபோல் கிடந்ததாம். சரியாகக் காயாத தோலை அவசரத்தில் நடுவில் வைத்து அடுக்கியதுதான் கோளாறு என்று அங்கேயே கண்டுகொண்டார். தான் போட்ட முடிச்சை அங்கே யாருக்கும் அவிழ்க்கத் தெரியவில்லை, கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறார்கள் என்று சொல்லும்போது அவருக்கு வருத்தமும் பெருமையும் சேர்ந்தே வந்தது.

ஆனால் இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது வீட்டில் அல்ல. ரயிலிறங்கி டிரங்குப் பெட்டியோடு வந்தவரை என் மாமியார் தெருவிலேயே நிறுத்திவிட்டார்.

"உள்ள வராதடா. பெரியவரு சொல்லியனுப்பிச்சிருக்காரு. பரிகாரம் ஆவற வரைக்கும் கிடங்குலயே இருந்துடு" என்று அழுதுகொண்டே சொன்னார்.

பெரியவர் என்றால் என் மாமனாரின் அண்ணன். நான் பெரிய மாமா என்பேன். பள்ளிகொண்டாவில் இருந்தார். எங்கள் சாதிசனத்துக்கு அவர்தான் நாட்டாமை, அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். அத்தனை மாசம் கழித்து நான் பார்த்த முதல் காட்சி அவர் முதுகுதான்.

அதிலிருந்து இரண்டு வேளையும் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தேன். தோல் பதனிட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பட்டை மூட்டைகள் அப்போதுதான் எங்கள் ஷாப்புகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. இவர் அந்த மூட்டைகளில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார், நான் எதிரே தள்ளி உட்கார்ந்திருப்பேன். ஆப்பிரிக்காப் பட்டைக்கு ஊருக்குள் இடம் உண்டு, ஆம்பூரில் பிறந்த மனுஷனுக்கு வீட்டுக்குள் இடம் இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். கடலில் காற்று அடித்ததா, உடம்புக்கு எப்படி என்று ஒருத்தராவது கேட்கவில்லை. "கப்பல்ல இன்னா சாப்ட்ட?" என்பதுதான் எல்லார் வாயிலும் வந்த கேள்வி. "பசிச்சப்ப சாப்ட்டேன்" என்பார் இவர்.

இதற்குள் நாத்தனாருக்குக் கலவை என்கிற ஊரில் ஒரு நல்ல இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பெரிய விவசாயி. முகூர்த்தம்கூடக் குறித்தாயிற்று. அப்பா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, அண்ணி நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய மாமா ஆள் அனுப்பினார்: கடல் தாண்டினவன் பரிகாரம் பண்ணிக்கொள்ளாமல் தாரை வார்த்தால் சாதிசனத்தில் ஒருத்தரும் பந்தலில் கை நனைக்க மாட்டார்கள்.

பரிகாரம் என்றால் தலையை மழித்து, பஞ்சகவ்யம் குடித்து, கடைசியாகப் பொன்னால் நாக்கில் சூடு. பெரிய மாமாவின் வீட்டில் இதற்கென்றே ஒரு பவுன் காசு இருந்தது. அதைக் குறட்டில் பிடித்துக் கனலில் பழுக்கக் காட்டி, விளிம்பால் நாக்கைத் தொடுவார்கள். சும்மா தொட்டும் தொடாமலும்தான் என்று மாமியார் என்னைச் சமாதானப்படுத்தினார். தொட்டும் தொடாமலும் என்றால் அதை எதற்குப் பழுக்கக் காய்ச்ச வேண்டும் என்று கேட்டேன்.

இவர் சரி என்றுவிட்டார். கிடங்கில் உட்கார்ந்து, தூக்கைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு நிமிஷத்து வலி. தங்கச்சி கல்யாணம் நின்னு போறதுக்கு இது மேல்."

"வலிக்கா நான் அழறேன்? சூடு வாங்கிக்கிட்டா நான் தப்பு பண்ணிட்டேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. இன்னா தப்பு பண்ணீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கறேன்."

"இவ்ளோ கோவம் ஆகாது உனக்கு" என்றார்.

ஆகாதுதான். ஆனால் வந்துவிட்டது, நான் என்ன செய்ய? என் வீட்டுக்காரர் திருடவில்லை, குடிக்கவில்லை, முதலாளிக்குத் துரோகம் பண்ணவில்லை. வேலையாகப் போனார், வேலையை முடித்தார், வந்தார். அந்த நாக்கில்தான் என்னை இத்தனை வருஷம் கூப்பிட்டார். அதைச் சுட நான் விடப் போவதில்லை என்று வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே தீர்மானம் பண்ணிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பரிகாரத்துக்கு நல்ல நேரம் பிற்பகலில் வைத்திருந்தார்கள். கலவையிலிருந்தும் நாட்றம்பள்ளியிலிருந்தும் காலையிலேயே வந்துவிடுகிறவர்களைப் பசியோடு உட்கார வைக்க முடியாது என்பதால் முதலில் அவர்களுக்குச் சாப்பாடு, பிறகு சடங்கு என்று ஏற்பாடு. நான் கடல் தாண்டவில்லை, தாண்டினவரோடு சேர்ந்து சாப்பிடவும் இல்லை. அதனால் என் கைச் சமையலுக்கு ஆட்சேபணை இல்லையாம். அதைக் கேட்டதும்தான் டீச்சரம்மாவின் மிளகு ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கு விடிந்ததும் சமையல்கட்டிலிருந்து மிளகாய்ப் பானையை எடுத்துப் பரணில் ஏற்றினேன். மணிலா எண்ணெய் போயிற்று, நல்லெண்ணெய் வந்தது. பாயசத்துக்கு முந்திரி கிடையாது, சீமைச் சர்க்கரை கிடையாது, வெல்லம்தான். உருளைக்கிழங்கை மாடு தின்றது. சீமை நெருப்புப்பெட்டியைக்கூடத் தொடாமல் பக்கத்து வீட்டிலிருந்து கங்கு வாங்கி வந்து அடுப்பு மூட்டினேன். பெருங்காயம் காபூல்காரன் மலை தாண்டிக் கொண்டு வருவது, தரை வழி, அது பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாத்தனார் அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளிடம் மறைக்கவில்லை. கேட்டதும் அவள் கை நின்றது. "அண்ணி, கலவைக்காரங்க கோவிச்சிக்கிட்டுப் போய்ட்டா?" என்றாள்.

"போகலாம். உன் கல்யாணம், நீ வேணாம்னா இப்பவே மிளகாயை இறக்கிடறேன்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு மறுபடி அரைக்கத் தொடங்கினாள். பிறகு அவளே எழுந்து போய்க் கொல்லைக் கூரையில் ஏறியிருந்த கொடியிலிருந்து ஒரு காயை அறுத்து வந்து, "கூட்டுக்கு இது ஆவும் அண்ணி" என்றாள். என் மனசு கொஞ்சம் திடப்பட்டது.

பந்தி உட்கார்ந்தது. நடுவில் பெரிய மாமா, அவருக்கு எதிர் வரிசையில் கலவைச் சம்பந்தி, பக்கத்தில் நாட்றம்பள்ளிச் சொந்தங்கள். கொல்லைப்புற வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் தலையை மழித்துக்கொண்டு ஈரத்துணியோடு நின்றிருந்தார். கனல் சட்டியில் கரி சிவந்துகொண்டிருந்தது. நான் பரிமாறினேன்.

இரண்டு கவளம் உள்ளே போனதும் பெரிய மாமா நிமிர்ந்தார். "இன்னாம்மா, கொழம்புல காரம் கம்மியா இருக்குதே?"

"மிளகு போட்டிருக்கேன் மாமா."

"மிளகா போடலியா?"

"மிளகா கடல் தாண்டி வந்தது மாமா. பரிகாரம் ஆவாம கடல் தாண்டினது எதுவும் இன்னைக்கு உங்க இலைக்கு வராது."

சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பந்தியில் ஒருத்தர் சிரித்தார், பெரிய மாமா பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் மணிலாக்கொட்டைத் துவையல் எங்கே என்றார். மணிலா என்கிற ஊர் ஆம்பூர்ப் பக்கமா இருக்கிறது என்று கேட்டேன். இன்னொருத்தர், "அப்ப உப்பு மட்டும் இன்னாவாம்? கடல்லயே பொறந்ததாச்சே?" என்று மடக்கப் பார்த்தார்.

"பொறந்தது கடல்ல. ஆனா இந்தக் கரையிலயே காய்ச்சினது. தாண்டலை" என்றேன்.

பெரிய மாமாவின் முகம் கறுத்தது. ஆனால் இலையை விட்டு நடுவில் எழுந்திருப்பது அவர் வகுத்த மரியாதைக்கே இழுக்கு. விழுங்கித் தீர்த்தார். சாப்பிட்டதும் அவருக்குப் புகையிலை வாயில் விழாவிட்டால் பேச்சே ஓடாது. தாம்பாளத்தைப் பார்த்தார். வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது.

"பொயில எங்க?"

"உங்க மடியில இருக்கும் மாமா, போட்டுக்கங்க. ஆனா அதுவும் கப்பல்ல வந்த வம்சம்தான். வாய்ல போட்டா அப்புறம் உங்க நாக்கையும் பாக்கணும்."

மடிக்குப் போன கை அப்படியே நின்றது. என் மாமியார் கதவுக்குப் பின்னால் "அடிப்பாவி" என்று முனகியது எனக்குக் கேட்டது.

அதுவரை வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கலவைச் சம்பந்திதான் அடுத்துப் பேசினார். "எல்லாம் சரிம்மா. இந்தக் கூட்டு இன்னா காய்?"

"பறங்கிக்காய்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது.

"பறங்கிக்காரன் கொண்டாந்து போட்ட வெதைன்னு எங்கப்பா சொல்வாரு. அதை இலையில வெச்சிட்டியே!"

என் முகம் செத்துப்போனது. ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தள்ளினவள், என் கூரை மேலேயே காய்த்ததைக் கோட்டை விட்டிருந்தேன். வருஷா வருஷம் அதே விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்து, அதே குழியில் ஊன்றி, அதே கூரையில் ஏற்றிவிடுகிற காய். அது வேற்று ஊர்க்காய் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப எங்க எல்லாரையும் தீட்டாக்கிட்டியா? பெருசா பேச வந்துட்டா!"

அந்தச் சிரிப்புதான் எனக்கு வழி காட்டியது. "ஆமாம் மாமா, ஆக்கிட்டேன். வேணும்னு இல்ல. விடியக்காலத்துலேர்ந்து கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடினேன், அப்பவும் ஒண்ணு உள்ள வந்துடுச்சு. நம்ம கூரையில ஏறினப்புறம் அதை யாரு வெளியூருன்னு சொல்றாங்க? நம்ம காய்தான்னு தின்றோம். எங்கயோ பொறந்த காய்க்கு இந்த வீட்டுல இடம் இருக்கு. இதே வீட்டுல பொறந்தவரு போய்ட்டு வந்தாரு, அவரை மட்டும் தெருவுல நிறுத்தி நாக்கைச் சுடணுமா?"

பந்தி கலைந்து எல்லாரும் கொல்லைப் பக்கம் வந்தார்கள். பெரிய மாமா என் பேச்சைக் காதில் வாங்காதவர் போல, மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து அந்தப் பவுன் காசை எடுத்தார். பெரிய ராணியின் தலை போட்ட பழைய காசு. குறட்டில் அதைக் கடிக்க வைத்துக் கனலுக்கு நீட்டினார்.

"அந்தக் காசு எங்க அடிச்சது மாமா?" என்று கேட்டேன்.

"சீமையில. சுத்தமான பொன்னு" என்றார் வாய்தவறி.

"சீமையிலேர்ந்து எப்படி வந்தது?"

அவர் குறடு கனலுக்கு மேலேயே நின்றது. எங்கள் பக்கத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. என் சொந்த அண்ணனே அங்கே பூமிக்கடியில் வேலை பார்த்தவன். வெட்டியெடுத்த தங்கம் பெட்டி பெட்டியாக ரயிலேறி, பிறகு கப்பலேறிச் சீமைக்குப் போவதை அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நான் அங்கேயே சொன்னேன்.

"நம்ம பக்கத்து மண்ணு பொன்னு மாமா. கப்பல்ல போச்சு, ராணி தலையை வாங்கிக்கிட்டுக் கப்பல்ல திரும்பி வந்தது. அதைப் பொட்டியில வெச்சுப் பூஜை பண்றீங்க. இவரும் அதே வழியிலதான் போய்ட்டு வந்தாரு. ரெண்டு பேருல யாரை யாரு சுத்தம் பண்றது?"

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியிலிருந்து நகர்ந்து வந்தார். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தங்கைக்காக நாக்கை நீட்டிவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கனல் சட்டிக்கு எதிரே நின்று, பெரிய மாமாவைக் கும்பிட்டார்.

"பெரியப்பா, என் நாக்கு போன மாதிரியே திரும்பி வந்திருக்குது. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அங்கே நின்ற பெண்களுக்கெல்லாம் தெரியும்.

பெரிய மாமா காசைத் துணியில் முடிந்தார். "இந்த வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவரோடு பாதிப்பேர் போனார்கள். நாட்றம்பள்ளிக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் அவர்களும் போய்விட்டார்கள்.

கலவைச் சம்பந்தி போகவில்லை. அவருக்குக் காடு முழுக்க மணிலாதான். மூட்டை மூட்டையாகப் பாண்டிச்சேரி போய் அங்கிருந்து பிரெஞ்சுக்காரன் ஊருக்குக் கப்பலேறுகிற கொட்டை. அவர் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஓடு போட்டது, கெணறு எடுத்தது எல்லாம் கப்பல் காசு. இதுல நான் இன்னான்னு நாயம் பேசறது?" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "தம்பி, தாரை நீதான் வார்க்கணும். ஆனா ஒண்ணு, என் வீட்டுக்கு வர்ற பொண்ணு கொழம்புல மிளகா போடணும். இந்தப் பேஜார் அங்க வேணாம்" என்றார். நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளிகொண்டா உறவு அன்றோடு அறுந்தது. மாமியார் செத்தபோதுகூடப் பெரிய மாமா தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள், குடும்பத்தை உடைத்தவள் என்றார்கள். நாக்கில் சூடு வைக்கிற குடும்பம் உடைந்ததற்கு நான் ஒருநாளும் அழவில்லை. பிற்பாடு பெரிய மாமாவின் பேரனே பினாங்குக்குப் போனான், திரும்பி வந்தான். அவன் நாக்கை யாரும் சுடவில்லை. அந்தப் பவுன் இப்போது ஒரு பேத்தியின் கழுத்துச் சங்கிலியில் தொங்குவதாகக் கேள்வி. நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

ராஜாக்களும் துரைகளும் கடலைத் தாண்டி வந்ததை எழுதி வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மிளகாய் வந்ததை எழுத யாரும் இல்லை. எங்கள் பக்கத்து ஏழைகள் கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறிப் போனதை எழுதவும் ஆளில்லை. அதனால்தான் ஐந்து வகுப்பு படித்த நான் இதை எழுதுகிறேன். ஒரு கண்டத்தின் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது. என் சமையல்கட்டின் கதையைச் சொல்லத் தெரியும், அதற்குள் அந்தக் கண்டமும் இருக்கிறது.

கல்யாணத்தன்று பந்தலில் எங்கள் பக்கம் பாதிப் பாய் வெறுமையாகக் கிடந்தது. சாயபு வீட்டிலிருந்து வந்தார்கள், கிடங்கில் பேல் கட்டுகிறவர்கள் வந்தார்கள், அந்தப் பாய்களில் உட்கார்ந்தார்கள். மழித்த தலையில் அப்போதுதான் முடி அரும்பிய என் வீட்டுக்காரர் தங்கையின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். கப்பல் கம்பியைப் பிடித்து நின்ற கை, லண்டனில் அறுந்து கிடந்த தன் கயிற்றைத் தொட்டுப் பார்த்த கை. நான் செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் அவர் விரல்கள் மேல் விழுந்து, அவள் கைக்கு வழிந்து, மாப்பிள்ளையின் கையை நனைத்துத் தாம்பாளத்தில் சேர்ந்தது.

"போதும்மா" என்றார் புரோகிதர்.

பந்தலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்ப்பவர்கள் போலப் பள்ளிகொண்டா முகங்கள் இரண்டு மூன்று தெரிந்தன. அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று செம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். போதும் போதும் என்று புரோகிதர் சொல்லிக்கொண்டே இருக்க, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினேன்.